யாரிடம் சொல்லலாம் என்று நீ தேடிய நாட்கள்

செல்வம்,

தை பிறந்ததும் உனக்குக் கல்யாணம். கல்யாண வீட்டில் உன்னிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். போனில் பேசினாலும் சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதைத் தாண்டி நாம் இருவரும் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கன்வாடிப் பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்குகிற நேரத்தில், நாலைந்து நாளாக இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஒரு தாய் எங்கெங்கே தவறினாள், அவள் பிள்ளை அதையும் மீறி எப்படி வழி கண்டுபிடித்தான் என்பது வேறு ஒரு வீட்டுக்குப் பயன்படுமானால் எனக்கு அதில் வெட்கம் இல்லை. வெட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

உனக்கு அப்போது பத்தொன்பது வயது. கோவில்பட்டியில் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். ஒரு சனிக்கிழமை மதியம் நீயும் உன் கூடப் படித்த கண்ணனும் அவனுடைய பைக்கில் கயத்தாற்றுக்குக் கிளம்பினீர்கள். அங்கே அவன் மாமா ஊரில் கோயில் கொடை. நீங்கள் ஊரைத் தாண்டுவதற்குள் நான் உனக்குப் போன் செய்தேன். மறுநாள் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், பூவும் பழமும் வாங்கிக்கொண்டு உடனே வீட்டுக்கு வா என்றேன். நீ பைபாஸில் இறங்கிக்கொண்டாய். கண்ணன் தனியாகப் போனான். கயத்தாற்றுக்குப் பக்கத்தில் லாரி மோதி அங்கேயே இறந்துபோனான்.

என் போன்தான் உன்னைக் காப்பாற்றியது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில் பொங்கல் வைத்து, உன்னை முன்னால் நிறுத்தித் திருநீறு பூசச் சொன்னேன். கண்ணனின் அம்மா அழுது ஓயாத வாரம் அது. நீ அந்தப் பொங்கலை வாயில் வைக்கவில்லை. இலையை மடித்துக்கொண்டு போய் ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தாய். சாமி பிரசாதத்தை இப்படிச் செய்யலாமா என்று உன்னை ஏசினேன். நான் கூப்பிட்டதால்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும், நீ இறங்கியதால்தான் அவன் தனியாகப் போனான் என்று உன் காதில் விழுந்திருக்கிறது. இது எனக்குப் புரியப் பல மாதம் ஆனது.

அதற்குப் பிறகு நீ காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவாய். காலேஜுக்குப் போகாமல் கண்மாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்பி வருவாய். டிபன் பாக்ஸ் திறக்காமல் வரும். உன் அப்பா ஆடு பத்திக்கொண்டு போன இடத்தில் ஒருநாள் உன்னைப் பார்த்துவிட்டு, படிக்கப் பிடிக்கவில்லை என்றால் கம்பை வாங்கிக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் போ என்று சத்தம் போட்டார். நான் அவரை விட ஒரு படி மேலே போனேன். ஏதோ காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டினேன். அக்காவைப் பார்க்க ஆள் வரும்போதெல்லாம் உன்னைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்தால் குடும்பத்தில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். நீயும் எழுந்து போவாய். கர்ப்பிணிகளையும் பச்சைப் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று விரட்டுகிற வேலை எனக்கு. என் வீட்டில் ஒரு பிள்ளை ஒரு மாதத்தில் ஆறு கிலோ இளைத்ததை நான் எடை போட்டுப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் நீ உதவி தேடிக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. பிறகு நீயே சொல்லித்தான் தெரிந்தது. காலேஜ் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்கு நாலு தடவை போன் செய்திருக்கிறாய். இரண்டு தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவர் பெயரும் ஊரும் கேட்டதும் நீ பயந்து வைத்துவிட்டாய். நாலாவது தடவை ஒரு பெண் எடுத்து, நீ பேசாமல் இருந்தபோதும் வைக்காமல், பேச வரும்போது பேசுங்கள், நான் இருக்கிறேன் என்று காத்திருந்தாராம். அன்றைக்கு நீ அழுததோடு சரி. ஆனால் பக்கத்தில் ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று அவர் சொன்னதை நீ விடவில்லை. பஸ் ஏறி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று இங்கே வேண்டாம். சீட்டுப் போடுகிறவர், உனக்கு என்ன நோய் என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். உனக்குப் பின்னால் நம் ஊர்க்காரப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். காய்ச்சல் என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாய். நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். பெரியவர்களே அதோடு விட்டுவிடுவார்கள்.

நீ அடுத்து செய்ததை நினைத்து நான் இன்றைக்கும் வியக்கிறேன். நம் ஊருக்குப் புதன்கிழமை தோறும் தடுப்பூசி போட வருகிற ஜெயா சிஸ்டரை உனக்குத் தெரியும். ஆனால் அவர் என் கூட்டாளி. பத்து வருடமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். அவரிடம் சொன்னால் மறுநிமிடம் எனக்கு வந்துவிடும் என்று யாருக்கும் தோன்றும். உனக்கும் தோன்றியது. அதனால் நீ அவரைப் பரீட்சை வைத்துப் பார்த்தாய். பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்து, ஒரு பாடத்தில் தேர்வே எழுதவில்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னாய். பிறகு காத்திருந்தாய். ஒரு புதன்கிழமை போனது. இரண்டு புதன்கிழமை போனது. மூன்றாவது புதன்கிழமையும் நான் உன்னிடம் தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன் என்பது உனக்கு நன்றாகத் தெரியும். அவர் சொல்லவில்லை என்று உறுதியானது. அதற்குப் பிறகுதான் கண்ணனைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றுவதைப் பற்றி அவரிடம் சொன்னாய். சாப்பிட முடியாமல் தூங்க முடியாமல் இருந்த பிள்ளை, யாரை நம்பலாம் என்று இவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்கிறாய்.

அவர் உனக்குச் சொன்ன பதிலை அவரே பிறகு என்னிடம் சொன்னார். "தம்பி, ஒங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ண இப்பமே சொல்லிருதேன். ஒன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா சொல்லத்தான் செய்வேன். அதையும் ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." நம்பிக்கையான ஆள் என்றால் எல்லாவற்றையும் மறைக்கிறவர் என்று நான் நினைத்திருந்தேன். எதைச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறவர்தான் நம்பிக்கையான ஆள் என்று அந்த வார்த்தையில்தான் கற்றுக்கொண்டேன்.

வாரத்தில் ஒருநாள் மனநல டாக்டர் வருகிற அரசு ஆஸ்பத்திரிக்கு அவர் முன்கூட்டியே போன் செய்து வைத்தார். சீட்டுப் போடுகிற இடத்தில் நோயைச் சொல்ல வேண்டாம், பதினொன்றாம் நம்பர் அறை என்று மட்டும் சொல் என்றார். முதல் நாள் அவரும் அதே பஸ்ஸில் வந்தார். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று உனக்கு மூன்று சீட் முன்னால், தெரியாதவர் மாதிரி உட்கார்ந்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகு நீயாக ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்து ஊருக்குள் பஸ் வராதபோது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை கரிசல் சேற்றில் நடந்து மெயின் ரோட்டுக்குப் போனாய். இந்த மழையில் என்ன காலேஜ் என்று நான் வாசலில் நின்று கேட்டேன். முக்கியமான பாடம் என்றாய்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். உன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. சீட்டில் இருந்த பிரிவின் பெயரைப் படிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு உண்டு. அக்காவுக்கு அந்த வாரம்தான் இடம் கூடி வந்திருந்தது. அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நீ தேடிக்கொண்டு வந்து கேட்டபோது, தண்ணீரில் நனைந்து கரைந்துபோயிருக்கும் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சீட்டு இல்லாமல் மாத்திரை கிடைக்காது என்று நீ பயந்துபோய் அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. ஐந்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்தாய். ஆறாவது நாள் காலையில் நீ எழுந்திருக்கவே இல்லை. உன்னைக் கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, பதில் இல்லை. என் கையால் கிழித்த காகிதத்தின் விலை என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். அன்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, அடுப்படியில் நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னாய். "எம்மா, எடை கொறைஞ்ச புள்ளையத் தூக்கிட்டு வார தாயை நீ ஒருநாளும் ஏசுனதில்ல. என்ன செய்யலாம்னுதான் பாக்குதே. எனக்கும் ஒரு தடவ அப்படிப் பாரேன்."

அடுத்த வாரம் நானும் உன்னோடு வந்தேன். சீட்டு தொலைந்தால் புதுச் சீட்டுப் போட்டுத் தருவார்கள் என்பதே அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. அங்கே மனநல ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மா உன்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், பிடிவாதக்காரன் என்று அடுக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே என்னை வெளியே உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து உன்னை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டு, உங்கள் மகன் எதற்குச் சிரிப்பான் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உனக்கு எந்த மாதம் என்ன தடுப்பூசி போட்டேன் என்று தேதியோடு சொல்வேன்.  பிறகு அந்தப் பொங்கலைப் பற்றியும் என் போனைப் பற்றியும், நீ சொல்லலாம் என்று அனுமதி கொடுத்த அளவுக்கு மட்டும் அவர் எனக்குச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, கையை எடுக்காமல் இருந்தாய்.

ஜெயா சிஸ்டரிடம் நான் ஒரு வாரம் பேசவில்லை. பத்து வருடம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு என் பிள்ளை விஷயத்தை என்னிடமே மறைத்துவிட்டீர்களே என்று கேட்டபோது, "அது ஒங்க மவன் எங்கிட்ட குடுத்து வச்சது. அவன் கேக்காம நான் எப்படி ஒங்ககிட்ட எடுத்துத் தர முடியும்?" என்றார்.  மறுவாரம் அவருக்கும் சேர்த்துச் சோறு கொண்டுபோனேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, நீ தேறி வர. விட்ட பாடங்களை எல்லாம் எழுதி முடித்தாய். தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. மற்றவர்களாக இருந்தால் அந்தக் காலத்தை மறைத்து மறந்திருப்பார்கள். நீ அதையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் காலேஜ் பசங்களுக்காக, உதவி எண்களும் ஆஸ்பத்திரிகளும் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தாய். எங்கேயோ அச்சிட்டிருந்ததைப் பார்த்து நீ எழுதவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் நீயே போன் செய்தாய். எடுக்கிறார்களா, எத்தனை மணி வரை எடுக்கிறார்கள், பெயர் சொல்லாமல் பேசலாமா, தமிழில் பொறுமையாகப் பேசுகிறார்களா என்று பார்த்தாய். லீவு நாளில் பஸ் ஏறிப்போய், டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், எந்த வாசல் வழியாகப் போனால் கூட்டத்தின் முன்னால் நிற்க வேண்டாம் என்றெல்லாம் விசாரித்து எழுதினாய். ஒரு தனியார் ஆலோசனை நிலையத்தில், கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பையனிடம் சொன்னார்களாம். அதைக் கேட்ட அன்றே பட்டியலில் அந்த இடத்தை அடித்துவிட்டாய். வருடத்துக்கு இரண்டு தடவை எல்லா எண்ணையும் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கிறாய். எண் மாறியிருந்தால், கடைசி நம்பிக்கையாகக் கூப்பிடுகிற ஒரு பிள்ளை ஏமாந்துவிடுமே என்று சொன்னாய்.

அந்தப் பட்டியலின் மதிப்பு எனக்கு ஒருநாள் நேரடியாகத் தெரிந்தது. பக்கத்து ஊரிலிருந்து பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை, உன் பட்டியலைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, சீருடையோடு அங்கன்வாடி வாசலில் வந்து நின்று, செல்வம் அண்ணன் இருக்காங்களா என்று கேட்டது. நீ தூத்துக்குடியில் இருந்தாய். போன் போட்டேன். "எம்மா, ஏன் எதுக்குன்னு கேக்காத. பயமா இருக்கான்னு மட்டும் கேளு. தண்ணி குடு. தனியா அனுப்பாத" என்றாய். பயமாக இருக்கிறதா என்று கேட்டதும் அது தலையை ஆட்டிக்கொண்டு அழுதது. யாரோ ஒருவன் போனில் படத்தைக் காட்டி மிரட்டிக்கொண்டிருக்கிறான் என்று அதுவே சொன்னது. இதற்கு டாக்டரிடம் போய்ப் பயனில்லை, குழந்தைகளுக்கான பாதுகாப்பு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே இன்னாரைப் போய்ப் பார் என்று நீ வேலை பார்க்கிற இடத்திலிருந்தே சொன்னாய். நானும் அந்தப் பிள்ளையும் போனோம். அந்த அலுவலகத்து அம்மாவே பேசி அதன் பெற்றோரை வரவழைத்தார். மிரட்டியவன் பிடிபட்டான். அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் டூ படிக்கிறது. என்னைப் பார்த்தால் சிரிக்கிறது. நானும் வேறு ஒன்றும் கேட்காமல் சிரிக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் மறுபடி ஒரு தடவை சறுக்கினேன். பவித்ராவை உனக்குப் பேசி முடித்தபோது, பழைய கதையை அவளிடம் சொல்லாதே என்று உன்னைக் கெஞ்சினேன். இப்போதுதான் நீ நன்றாக இருக்கிறாயே, எதற்குக் கிளற வேண்டும் என்றேன். நீ என்னிடம் வாக்குவாதம் செய்யவில்லை. தாம்பூலம் மாற்றுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்தில் அவளையும் அவள் அண்ணனையும் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாய். யோசித்துச் சொல்லட்டும் என்றாய். மூன்று நாள் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. என் மகனின் நேர்மையே அவனுக்கு வினையாகிவிட்டதே என்று நான் உள்ளுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ மட்டும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாய். வேண்டாம் என்றால் அது அவள் உரிமை அம்மா என்றாய்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். மூன்றாம் நாள் மதியம் பவித்ரா எனக்குப் போன் செய்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "அத்தை, அவிய எல்லாத்தையும் சொன்னாவ. எங்க வீட்ல சம்மதந்தான், சாயங்காலம் அண்ணன் மாமாகிட்ட பேசுவாவ. நான் ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் கூப்பிட்டேன். அவியளுக்கு அந்த சிஸ்டர் இருந்தாவ. ஒங்களுக்கு அப்ப யாரு இருந்தா?"

என்னிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. யாருமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவள் வைக்கவில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகள் எழுந்திருக்கிற வரைக்கும் பேசினேன். உன்னைக் கூப்பிட்டுப் பதில் வராத அந்தக் காலையைப் பற்றி, இன்றைக்கும் நீ போனை எடுக்கத் தாமதமானால் எனக்கு நெஞ்சு படபடப்பதைப் பற்றி, இத்தனை வருடமாக விடிகிற வரை முழித்துக் கிடப்பதைப் பற்றி. அவள் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. இதை யாரிடமாவது போய்க் காட்டலாமே அத்தை என்று மட்டும் கேட்டாள்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்குக் குறைவு. ஒன்றே ஒன்று சொல்கிறேன். பவித்ரா நல்ல பிள்ளை. அதற்காக உன் பாரம் முழுவதையும் அவள் ஒருத்தி மேல் இறக்கிவிடாதே. மறுபடி மனம் சோர்ந்தால் அவளிடமும் சொல், போக வேண்டிய இடத்துக்கும் போ. அவளுக்குச் சோர்வு வந்தால், என்ன கோளாறு உனக்கு என்று கேட்காமல் அவள் கூடப் போ. இதை நான் உன்னிடம்தான் படித்தேன். மற்றபடி, என் வயிற்றில் பிறந்த பிள்ளை என்னை விடத் தைரியசாலி என்று எழுதுவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை இந்தக் காகிதத்தில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

போன வாரம் நானும் போனேன் செல்வம், எனக்காக. யாருக்கும் தெரியாமல் போகவில்லை. தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் நேராகச் சொன்னேன்.  அவர் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "வா, நானும் வாரேன். அங்கன என்ன கேப்பாவன்னு தெரியல, நீ சொல்லிக்குடு" என்றார். வரிசையில் எங்கள் முறை வரும்வரை என் பக்கத்திலேயே நின்றார். சீட்டுப் போடுகிறவர் யாருக்கு என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள், என் வீட்டுக்காரிக்கு, பதினொன்றாம் நம்பர் அறை என்று அவரே சொன்னார்.

உன் அம்மா